நாயின் அட்ரினல் கட்டி: நுண்துளை வழியாக எடுப்பதா, வயிற்றைத் திறந்து எடுப்பதா?

மணியின் வீட்டார் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நாய் மணிக்கு வயது 10, எடை 14 கிலோ. சில மாதங்களாக அவன் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறான். முன்பெல்லாம் இரவில் ஒருமுறை நிரப்பி வைத்தால் விடியும்வரை போதுமாக இருந்த கிண்ணத்தை இப்போது மூன்று முறை நிரப்ப வேண்டியிருக்கிறது. வயிறு தொங்கிவிட்டது. விலாப் பக்கங்களில் முடி கொட்டி, அடிவயிற்றுத் தோல் உள்ளே ஓடும் நரம்புகள் நீலமாகத் தெரியும் அளவுக்கு மெலிந்திருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் குஷிங் நோய், அதாவது கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் உடலில் அளவுக்கு மீறும் நோய், என்று உறுதியானது. வயிற்று ஸ்கேனில் இடது அட்ரினல் சுரப்பியில் 2.8 செ.மீ. கட்டி இருப்பதும், வலது சுரப்பி சுருங்கிப் போயிருப்பதும் தெரிந்தன. அதன்பின் எடுத்த சிடி ஸ்கேனில், கட்டி அருகிலுள்ள இரத்தக் குழாய்களுக்குள் நுழையவில்லை என்றும் நுரையீரலில் பரவல் இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

சுரப்பியை எடுத்துவிடலாம் என்பதில் நாங்கள் பார்த்த இரண்டு மருத்துவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எடுக்கும் வழியில்தான் வேறுபடுகிறார்கள். ஒருவர் லேப்ராஸ்கோப்பி மூலம் சிறு துளைகள் வழியாகவே எடுக்கலாம் என்கிறார். மற்றவர், வயிற்றைத் திறந்து கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுச் செய்வதே நம்பகமானது என்கிறார். சிறு துளைகள் என்றால் வலி குறையும் என்பது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் உள்ளே இரத்தக் குழாய் கிழிந்துவிட்டால் துளை வழியாக எப்படி அதை நிறுத்துவார்கள் என்ற அச்சம் தூக்கத்தைக் கெடுக்கிறது. இரண்டு முறைகளையும் அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

அறுவை மருத்துவர் ஒருவரின் மறுமொழி:

வணக்கம். நான் இரண்டு வழிகளிலும் அட்ரினல் கட்டிகளை அகற்றிவரும் கால்நடை மருத்துவர். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களின்படி மணியின் கட்டி நுண்துளை முறைக்கு ஏற்ற வகையைச் சேர்ந்தது. அது ஏன் என்பது சுரப்பி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் விளங்கும்.

நாயின் அட்ரினல் சுரப்பிகள் சிறுநீரகங்களின் முன்முனையை ஒட்டி, முதுகுப் பக்கத்தில் ஆழத்தில் கிடக்கின்றன. நலமான சுரப்பியின் தடிமன் ஒரு செ.மீ. கூட வராது. இடது சுரப்பிக்கு அருகில் பெருந்தமனியும் இடது சிறுநீரகச் சிரையும் ஓடுகின்றன. வலது சுரப்பியின் நிலை இன்னும் நெருக்கடியானது. உடலின் பின்பாதி இரத்தம் முழுவதையும் இதயத்துக்குக் கொண்டு செல்லும் பெருஞ்சிரையோடு அது ஒட்டியே இருக்கிறது. சுரப்பியின் உறையும் சிரையின் வெளிச்சுவரும் ஒன்றாக இணைந்திருப்பதால், அங்கே பிரித்தெடுக்க வேண்டிய இடைவெளி மிகக் குறைவு. இரு பக்கங்களிலும் சுரப்பியின் மேல் குறுக்காக ஒரு சிறிய சிரை போகிறது. கட்டி பெருஞ்சிரைக்குள் புகும்போது பெரும்பாலும் இந்தச் சிறிய சிரையைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறது. ஆகவே சிடி அறிக்கையில் நான் முதலில் தேடுவது கட்டியின் அளவை அல்ல, இந்தச் சிரையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான்.

குஷிங் நோயுள்ள நாயின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கல்லீரல் பெருத்திருக்கும், கொழுப்பு நிறைந்திருக்கும், சுரப்பியோ எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும். நெஞ்செலும்பின் முனையிலிருந்து தொப்புளைத் தாண்டி நீளமாக வெட்டினாலும், உதவியாளர் ஒருவர் குடலையும் மண்ணீரலையும் சிறுநீரகத்தையும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கிணற்றின் அடியில் கிடக்கும் பொருளை விளிம்பிலிருந்து குனிந்து எடுப்பதைப் போன்ற வேலை அது. நுண்துளை முறையில் நாயை ஒருக்களித்தோ குப்புறவோ படுக்கவைத்து, வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பச் செய்கிறோம். குடல் தன் எடையாலேயே கீழே சரிந்து வழிவிடுகிறது. 3 அல்லது 4 துளைகள், பெரும்பாலும் 5 மி.மீ. அளவிலானவை, போதும். அவற்றில் ஒன்றின் வழியாகச் செல்லும் கேமரா சுரப்பியின் பக்கத்திலேயே போய் நிற்கிறது. நூல் பருமனுள்ள சிரை திரையில் கயிறு போலத் தெரிகிறது. திறந்த முறையில் நான் ஊகித்தே கடந்திருந்த சில நுண்குழாய்களை முதன்முதலில் தெளிவாகப் பார்த்தது திரையில்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இம்முறையின் இன்னொரு நன்மை குஷிங் நாய்களுக்கே உரியது. அதிகப்படியான கார்ட்டிசோல் தோலையும் தசையையும் நலிவடையச் செய்கிறது, புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது, கிருமித் தொற்றுக்கு இடம் கொடுக்கிறது. மணியின் அடிவயிற்றுத் தோலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். அந்தத் தோலில், தொங்கும் வயிற்றின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு ஆறவேண்டிய ஒரு நீண்ட தையலைவிட, விரல்நுனி அளவிலான சில தையல்கள் அவனுக்கு நிச்சயம் நல்லவை.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது நியாயமானது. துளை வழியாகச் செய்யும்போது இரத்தக் கசிவு ஏற்பட்டால் விரலை வைத்து உடனே அழுத்த இயலாது. சிறு கசிவுகளைக் குழாயை மூடும் மின்கருவியாலும், துளை வழியாக உள்ளே செலுத்தும் பஞ்சுத் துணியாலும் கட்டுப்படுத்துகிறோம். அதற்கும் அடங்காவிட்டால் வயிற்றைத் திறக்கிறோம். இதற்காகவே தொடக்கத்திலேயே வயிற்றை அகலமாக மழித்துச் சுத்தம் செய்திருப்போம், திறந்த அறுவைக்கான கருவிகள் மேசையில் பிரித்து அடுக்கப்பட்டிருக்கும், இரத்தம் வகை பார்த்துத் தயாராக வைக்கப்பட்டிருக்கும். இந்த ஏற்பாடுகள் இல்லாத இடத்தில் நுண்துளை முறையை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கசிவைவிட எனக்குக் கவலை தருவது கட்டியின் உறை கிழிவது. இந்தக் கட்டிகள் கனிந்து குழைந்த பழத்தைப் போன்றவை. கருவியின் முனையால் நேராகப் பிடித்தால் உறை பிய்ந்து, உள்ளிருக்கும் திசு வயிற்றுக்குள் சிந்தக்கூடும், அது புற்றுத்திசுவாக இருந்தால் அங்கேயே மீண்டும் வேர்விடக்கூடும். ஆகவே சுரப்பியைப் பிடிக்காமல் அதைச் சுற்றியுள்ள கொழுப்பைப் பிடித்தும், மழுங்கிய கருவியால் மெல்லத் தள்ளியும் வேலை செய்கிறோம். பிரித்த சுரப்பியை உள்ளேயே ஒரு சிறு பைக்குள் இட்டு, பையோடு வெளியே இழுக்கிறோம். விரலுக்கு இருக்கும் தொடு உணர்வு கருவிக்கு இல்லை என்று உங்கள் இரண்டாவது மருத்துவர் சொல்வாரானால், அவர் சொல்வது உண்மையே.

கட்டி பெருஞ்சிரைக்குள் நுழைந்திருந்தால் நான் துளை முறையை நினைத்தும் பார்க்க மாட்டேன். சிரையைச் சுற்றிப் பட்டை போட்டு இரத்த ஓட்டத்தைச் சில நிமிடங்கள் நிறுத்தி, சிரையைக் கீறி, உள்ளிருக்கும் கட்டியை உருவி எடுத்துத் தைக்க வேண்டிய வேலை அது. சுமார் 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகள், ஏற்கெனவே வெடித்து இரத்தம் கசிந்தவை, வயிற்றில் வேறு உறுப்புகளையும் தடவிப் பார்க்க வேண்டிய நிலை ஆகியவற்றிலும் திறந்த முறையே சரி. வலது பக்கக் கட்டிகளைத் துளை வழியாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதற்குக் கூடுதல் கைப்பழக்கம் வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். மனிதர்களில் இம்முறை 1992-இல் அறிவிக்கப்பட்டது. நாய்களில் குஷிங் கட்டிகளை இவ்வாறு அகற்றிய 7 நாய்களின் விவரம் 2008-இல் வெளியானது. 2014-இல், குழாய்களுக்குள் நுழையாத கட்டிகள் கொண்ட 48 நாய்களில் இரு முறைகளையும் ஒப்பிட்டார்கள். துளை முறையில் சென்ற நாய்கள் விரைவில் வீடு திரும்பின. ஆனால் இந்த நாய்கள் எதுவும் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவை அல்ல. எந்த நாய்க்கு எந்த முறை என்று மருத்துவரே தேர்ந்தெடுத்திருக்கிறார், எளிய கட்டிகள் துளை முறைக்குப் போயிருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே முடிவு நன்றாக வந்ததற்கு முறை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு நாய் வளர்ப்பவரின் மறுமொழி:

எங்கள் பெண் நாய்க்கு வலது பக்கத்தில் கட்டி இருந்தது. துளை முறையில் தொடங்கி, பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது. சுரப்பியின் பின்பகுதி பெருஞ்சிரையோடு இறுக ஒட்டியிருந்ததாகவும், அதை இழுப்பது ஆபத்து என்று கருதித் திறந்ததாகவும் மருத்துவர் பின்னர் விளக்கினார். அவர் எடுத்த முடிவில் எனக்குக் குறையே இல்லை. எங்கள் நாய் அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நன்றாக இருக்கிறாள்.

எனக்குக் குறை இருப்பது வேறொன்றில். இப்படி மாற நேரலாம் என்பதை அறுவைக்கு முன் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒப்புதல் படிவத்தில் ஒரு வரியாக அச்சிட்டிருந்தார்கள், நாங்கள் கையெழுத்திட்டோம், அவ்வளவுதான். நான்கு சிறு கட்டுகளை எதிர்பார்த்துப் போன நான், மார்பிலிருந்து அடிவயிறுவரை நீண்ட தையலைப் பார்த்ததும் அறுவை தோற்றுவிட்டது என்றே நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஒரு செவிலியர் வந்து அருகில் அமர்ந்து நடந்ததைச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. ஆகவே மணியின் வீட்டாருக்கு நான் சொல்ல விரும்புவது இது: எந்த நிலை வந்தால் திறப்பீர்கள், இதுவரை நீங்கள் செய்தவற்றில் எத்தனையைத் திறக்க நேர்ந்தது என்று நேரடியாகக் கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்பவரிடம் நாயை ஒப்படைக்கலாம்.

மயக்கவியல் பிரிவில் பணிபுரியும் மருத்துவரின் மறுமொழி:

மேலே சொல்லப்பட்டவற்றோடு, மேசையின் தலைமாட்டில் நின்று பார்ப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

வயிற்றை வாயுவால் உப்பச் செய்வது உடலுக்குச் சுமையில்லாத செயல் அல்ல. வாயுவின் அழுத்தம் உதரவிதானத்தை முன்னோக்கித் தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைகிறது, சிரைகள் அழுத்தப்படுவதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறையலாம். வயிற்றிலிருந்து உறிஞ்சப்படும் கரியமில வாயு இரத்தத்தில் சேர்வதால், இயந்திரத்தின் மூலம் மூச்சுவிடும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். குஷிங் நாய்களுக்கு ஏற்கெனவே மூச்சுத் தசைகள் நலிந்து, வயிற்றுக் கொழுப்பும் அழுத்திக்கொண்டிருக்கும். அதனால் அழுத்தத்தை வேலைக்குப் போதுமான மிகக் குறைந்த அளவில் வைக்கும்படி அறுவை மருத்துவரிடம் வேண்டுவோம். பெரும்பாலும் 8 முதல் 12 மி.மீ. பாதரச அளவுக்குள் வேலை முடிந்துவிடும்.

மணியின் கட்டி கார்ட்டிசோலைச் சுரப்பது என்று உறுதியாகியிருக்கிறது, எதிர்ப்பக்கச் சுரப்பி சுருங்கியிருப்பதும் அதோடு பொருந்துகிறது. இருந்தாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். சுரப்பியின் உட்பகுதியிலிருந்து எழும் ஃபியோக்ரோமோசைட்டோமா என்ற கட்டி அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகியவற்றை இரத்தத்தில் கொட்டுவது. அந்த நாய்கள் திடீரென்று நிலைகுலைந்து விழும், காரணமின்றி மூச்சிரைக்கும், பிறகு ஒன்றுமே நடவாதது போல எழுந்து நடக்கும். மருத்துவரிடம் கொண்டுவரும் நேரத்தில் எல்லா அளவுகளும் சரியாக இருப்பதால் வீட்டாரின் சொல்லை யாரும் நம்பாமல் போவதும் உண்டு. அட்ரினலின் சிதைந்து உருவாகும் மெட்டநெஃப்ரின் என்ற பொருளின் அளவைச் சிறுநீரில் பார்ப்பது இதைக் கண்டறிய உதவுகிறது.

இத்தகைய கட்டியை அறுவை மருத்துவர் தொட்டவுடன் திரையில் இரத்த அழுத்தம் ஏறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதயத்துடிப்பு முறைதவறி ஓடும். கைகளை எடுங்கள் என்று நான் சொல்வேன், அவர் அசையாமல் நிற்பார், மருந்து கொடுத்து அழுத்தம் இறங்கியதும் மீண்டும் தொடங்குவார். சுரப்பியின் சிரையைக் கட்டி மூடிய சில நொடிகளில் நிலைமை தலைகீழாகி, அழுத்தம் சரிந்து விழும். வயிற்றை வாயுவால் உப்பச் செய்வதேகூட இந்தச் சுரப்பைத் தூண்டிவிடலாம். ஆகவே அறுவைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே ஃபீனாக்ஸிபென்சமைன் கொடுத்து இரத்தக் குழாய்களைத் தளர்த்திவைப்பது நெடுங்கால வழக்கம். அதைக் கொடுத்த நாய்களில் 13 விழுக்காடும் கொடுக்காதவற்றில் 48 விழுக்காடும் இறந்தன என்று 2008-இல் வெளியான ஒரு தொகுப்பு சொன்னது. பின்னால் வந்த தொகுப்பு ஒன்றில் இவ்வளவு பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆனாலும் நான் அந்த மருந்தைக் கைவிடவில்லை. துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்து வேண்டியிருந்தால் இதற்குப் பிறகே கொடுக்க வேண்டும். முதலிலேயே கொடுத்தால் அழுத்தம் மேலும் எகிறிவிடும்.

கட்டி என்ன சுரக்கிறது என்று தெரியாமல் முறையைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல என்பதுதான் என் நிலைப்பாடு.

பூனை வளர்ப்பவரின் மறுமொழி:

பூனைகளில் இது அரிது என்றாலும் ஒரு வரி சேர்க்கிறேன். எங்கள் பூனைக்கு, உடலின் உப்புச் சமநிலையைக் காக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும் அட்ரினல் கட்டி இருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, கழுத்தை நிமிர்த்த வலுவின்றித் தலையைத் தொங்கவிட்டபடி நடந்தது. அறுவை மருத்துவர் திறந்த முறையையே தேர்ந்தெடுத்தார், அதற்கு முன் பொட்டாசியத்தையும் இரத்த அழுத்தத்தையும் சில நாட்கள் சரிசெய்த பிறகே மயக்க மருந்து கொடுத்தார்கள்.

மணியின் வீட்டார்:

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இடது பக்கம், நடுத்தர அளவு, குழாய்க்குள் நுழையவில்லை என்ற மூன்றும் சேர்ந்தே துளை முறையைச் சாத்தியமாக்குகின்றன என்று புரிந்துகொண்டேன். முதல் மருத்துவரிடம் போய், திறக்க நேர்ந்தால் என்ன ஏற்பாடு என்று கேட்டுவிட்டு முடிவு செய்யப் போகிறோம். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. அறுவையே செய்யாமல் ட்ரைலோஸ்டேன் மாத்திரையோடு வைத்திருந்தால் என்ன? அறுவைக்குப் பின் நாங்கள் வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

அறுவை மருத்துவர்:

மாத்திரை கார்ட்டிசோல் உற்பத்தியைக் கட்டுப்படுத்தும், கட்டியைக் கரைக்காது. மிக வயதான நாய்க்கும், வேறு கடுமையான நோய் உள்ள நாய்க்கும், கட்டி பரவிவிட்ட நாய்க்கும் அது மதிப்புள்ள வழி, பல மாதங்கள் நிம்மதியாக வாழவைக்கும். மணிக்கு வயது 10 என்பது அறுவையை மறுக்கும் வயதல்ல. அறுவைக்கு முன் சில வாரங்கள் அதே மாத்திரையைக் கொடுத்துக் கார்ட்டிசோலை இறக்கிவிட்டு வருவதை நான் விரும்புகிறேன். தோலும் தசையும் சற்றே தேறும், தண்ணீர் குடிப்பதும் குறையும்.

அறுவைக்குப் பின் வரும் முதல் மூன்று நாட்கள் மருத்துவமனையின் பொறுப்பு. நுரையீரல் குழாயில் இரத்தக் கட்டு அடைப்பதே அந்நாட்களில் நாங்கள் மிகவும் அஞ்சுவது, ஏனெனில் குஷிங் நாய்களின் இரத்தம் எளிதில் உறையும். ஆகவே மணியை அடுத்த நாளே எழுப்பி நடக்கவைப்பார்கள். அதைப் பார்த்து இரக்கப்பட்டுத் தடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பொறுப்பு உங்களுடையது. இத்தனை காலம் இடது கட்டியே அளவுக்கு மீறிச் சுரந்ததால் வலது சுரப்பி வேலையை நிறுத்திச் சுருங்கிக் கிடக்கிறது. கட்டியை எடுத்தவுடன் உடலில் கார்ட்டிசோல் இல்லாமல் போகும். அதனால்தான் அதற்கு ஈடாக வேலை செய்யும் பிரெட்னிசோலோன் மாத்திரையைக் கொடுத்து, வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறைக்கிறோம். நாய் உற்சாகமாக இருக்கிறது, தையலும் ஆறிவிட்டது என்று எண்ணி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. துளை முறையில் செய்த நாய்களின் வீட்டார்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். வெளியே காயமே தெரியாததால் நோயும் முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். மணி உணவை மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, கால்கள் நடுங்கிச் சோர்ந்து படுத்தாலோ மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். சோடியம், பொட்டாசியம் அளவுகளைப் பார்த்து மருந்தின் அளவைச் சரிசெய்வார்கள். தண்ணீர்க் கிண்ணத்தை இரவில் எத்தனை முறை நிரப்பினீர்கள் என்பதை இப்போதிருந்தே ஒரு தாளில் எழுதி வாருங்கள். அறுவைக்குப் பிந்தைய பரிசோதனைக்கு வரும்போது எனக்கு அந்தத் தாளும் வேண்டும் என்று நான் கேட்பது வழக்கம், உங்கள் மருத்துவருக்கும் அது பயன்படும்.